தமிழ்ப் பெயர் மட்டும் ஏன் குப்பையாகிறது?

கேள்வி: சி ப்ரோக்ராமில் பெயர்களை வைட் கேரக்டராக (ஒவ்வொரு குறியும் ஒரே அளவு இடம் பிடிக்கும் வடிவம்) வைத்திருக்கிறேன். டபிள்யூசிஎஸ்டூஎம்பிஎஸ் (wcstombs) ஃபங்ஷன் கொண்டு மல்டிபைட்டாக (ஒரு குறிக்கு ஒன்றோ பல பைட்டோ ஆகும் வடிவம்) மாற்றி ஃபைலில் எழுதினால் ஆங்கிலப் பெயர் சரியாக விழுகிறது, தமிழ்ப் பெயர் குப்பையாகிறது. விடை 0-க்குக் கீழே போனால் எரர் காட்டும்படி எழுதியும் எரர் வரவில்லை. லினக்ஸ்தான்.

பதில்: உங்கள் தமிழில் கோளாறு இல்லை. எந்த சி ப்ரோக்ராமும் "சி" என்ற லொகேலில்தான் (மொழி, எழுத்துமுறை அமைப்பு) தொடங்கும். லினக்ஸில் அந்த லொகேலுக்குத் தமிழ் தெரியாது. மெஷினில் யுடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) இருந்தாலும், நீங்கள் கேட்காதவரை ப்ரோக்ராம் அதைக் கண்டுகொள்ளாது. மெயினின் முதல் வரியில் செட்லொகேல்(எல்சி_சிடைப், "") என்று கேளுங்கள், மாற்றம் நடக்கும். 1989 ஸ்டாண்டர்டிலேயே இருக்கிற விஷயம் இது. நம் கல்லூரி லேப்களில் இதை யாரும் சொல்லித் தராததுதான் எனக்கு ஆற்றாமை.

எரர் ஏன் வரவில்லை? மாற்ற முடியாத எழுத்து வந்தால் ஃபங்ஷன் -1 தருகிறது. ஆனால் அது சைஸ்_டி, மைனஸே இல்லாத டைப். அதனால் -1 என்பது மிகப் பெரிய எண்ணாகிவிடும், 0-க்குக் கீழே போகவே போகாது. (சைஸ்_டி)-1 ஆக இருக்கிறதா என்றே சோதியுங்கள். இப்போது நடப்பது என்னவென்றால், மாற்றம் தோற்றபின் பஃபரில் (விடை எழுத்துகள் விழும் மெமரி இடம்) முன்பே கிடந்ததை எடுத்து எழுதுகிறீர்கள்.

அடுத்தது பஃபர் அளவு. இங்கேதான் நிறைய பேர் விழுகிறார்கள். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். "தமிழ்" கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5. ஆக 15 பைட், முடிவில் நல் (எழுத்து முடிந்தது என்று காட்டும் 0 பைட்) சேர்த்து 16. 15 மட்டும் கொடுத்தால் எழுத்தெல்லாம் வரும், நல் வராது. 15 என்று விடை வருவதால் கண்டுபிடித்துவிடலாம். 14 கொடுத்துப் பாருங்கள்: கடைசிக் குறி பாதியாக வெட்டுப்படாது, 12-இல் நின்றுவிடும். விடையும் 12. கொடுத்த அளவைவிடக் குறைவுதானே, நல் இருக்கும் என்று நம்பிவிடுவீர்கள். இருக்காது. பிரிண்ட்எஃப் பஃபரைத் தாண்டிப் படித்துக்கொண்டே போகும். பஃபர் நிறைந்தாலும் நல் போடாமல் விடும் ஒரு ஃபங்ஷனை இத்தனை வருடம் அப்படியே வைத்திருப்பது நியாயமே இல்லை. லினக்ஸில் முதலில் பஃபருக்குப் பதில் நல் பாயிண்டர் கொடுங்கள், தேவையான அளவு கிடைக்கும். அதோடு 1 கூட்டி மேலாக் செய்து (மெமரி ஒதுக்கி), அந்த அளவையே கொடுத்து மாற்றுங்கள்.

அப்புறம், "தமிழ் கன்வெர்ட்டர் லைப்ரரி" என்று விலை சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள். டிஸ்கி, பாமினி போன்ற பழைய தமிழ்க் குறியீடுகளில் உள்ள ஃபைல்களை யூனிகோடாக்குவது வேறு வேலை. அதைக் காட்டி இதையும் விற்றுவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது சி-யோடு இலவசமாக வருகிறது.

உங்கள் மெஷினில் ஓடியது கிரானிலோ (நேரம் வைத்துத் தானாக ஓட்டுவது) டாக்கரிலோ (தனிப் பெட்டிபோல் பிரித்து ஓட்டுவது) மறுபடி குப்பையானால், அங்கே லாங் (LANG) என்ற மொழி செட்டிங் காலியாக இருக்கலாம். செட்லொகேல் தோற்று நல் பாயிண்டர் தந்ததா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், காலி செட்டிங்கில் அது "சி" என்றே தந்துவிடும். சி.யுடிஎஃப்-8 என்று லாங்கை நீங்களே வைத்துவிடுங்கள்.