ஸ்டார்ட் ஆகாத லோரியும் பழியைச் சுமக்கும் பெட்டியும்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டீசல் வண்டி பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. எல்லா சிலிண்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் தரும் 'காமன் ரெயில்' இன்ஜின் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன.

செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்: அண்ணே, ரெண்டு நாளா ஸ்டார்ட்டர் நல்லா சுத்துது, இன்ஜின் பிடிக்கல. கம்ப்யூட்டர் பெட்டி போச்சு, மாத்தணும்னு போர்மன் சொல்றார். உண்மையா?

அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீர்கள் தம்பி. இப்படி வந்த வண்டிகளில் பெட்டியே கெட்டுப்போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். பம்ப், டீசலை ஒரு தடித்த குழாயில் அழுத்தி வைக்கிறது; அதுதான் காமன் ரெயில். அழுத்தம் சுமார் 200 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அளவு) தாண்டினால்தான், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பெட்டி திறக்கச் சொல்லும். ஆகவே பெட்டியில் உள்ளதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது அந்த அழுத்த எண்ணைப் பாருங்கள். ஏறவில்லையா? முதலில் பில்டர், அப்புறம் டாங்கியிலிருந்து வரும் குழாயில் காற்று புகுகிறதா என்று பாருங்கள்.

அதுவும் சரி என்றால், இன்ஜெக்டர்களில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரே அளவு பாட்டிலில் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். போன மழைக்காலத்தில் இங்கே வந்த ஒரு லோரியில் மூன்று பாட்டிலில் ஒரு விரற்கடை டீசல், நாலாவதில் கழுத்து வரை. உள்ளே தேய்ந்துபோன அந்த ஒரு இன்ஜெக்டர் வழியாகவே அழுத்தம் முழுவதும் கசிந்துகொண்டிருந்தது. அந்த வண்டிக்கும் 'பெட்டி போச்சு' என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

ஓய்வு பெற்ற போர்மன்: அந்தக் காலத்தில் இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி, எந்த சிலிண்டர் சோர்வு என்று கண்டுபிடிப்போம். இப்போதும் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம் ஐயா. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். இந்தக் குழாயில் 1,600 பார், புது வண்டிகளில் 2,000க்கும் மேல். மெல்லிய பீய்ச்சல் கையுறையையும் தோலையும் துளைத்துவிடும். ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட அவ்வளவாக இருக்காது, உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே ஏறியது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரிட்டர்ன் குழாயில் அழுத்தம் குறைவு, அதனால்தான் மேலே அந்த பாட்டில் சோதனையைச் சொன்னேன்.

பிக்கப் ஓட்டும் தங்கச்சி: பழைய டீசல் மாதிரி 'டக்கு டக்கு' சத்தம் இதுல இல்லையே?

பெரிய பீய்ச்சலுக்கு முன்னால் துளியூண்டு டீசலை விட்டு சிலிண்டர் அறையைச் சூடாக்குகிறது பெட்டி. பிறகு வருவது ஒரேயடியாக வெடிக்காமல் நிதானமாக எரியும்.

இன்னொருவர்: பழைய இன்ஜெக்டர் வாங்கி மாட்டினேன், ஐட்லிங் ஆடுது, புகையும் வருது.

அதன் தலையில் பொறித்த குறியீட்டை ஸ்கேனரில் ஏற்றினீர்களா? ஒவ்வொன்றும் விடும் அளவு இம்மி மாறும். பல வண்டிகளில் அந்த வித்தியாசத்தைப் பெட்டிக்குச் சொல்வதே அந்தக் குறியீடுதான். ஏற்றிய பிறகும் ஆடினால், வாங்கிய பொருளே சரியில்லை.

தோட்டத்திலிருந்து ஒருவர்: தோட்டத்தில் டிரம்மில் டீசல் வைத்திருக்கிறோம். பயோடீசல்தான் கெடுக்கிறதா?

2019 முதல் டீசலில் பத்து விழுக்காடு வரை செம்பனை எண்ணெயிலிருந்து வந்தது. நாம் ஏற்றிய குலையே டாங்கிக்குத் திரும்புகிறது! இந்த பயோடீசல் பழைய டாங்கியின் கசடைக் கரைத்து பில்டரில் சேர்க்கும், ஈரத்தையும் இழுக்கும். டிரம்மை நிழலில் மூடி வையுங்கள், அடியில் தங்குவதை வண்டிக்கு ஊற்றாதீர்கள், பில்டரின் தண்ணீர்த் திருகை அடிக்கடி திறந்து விடுங்கள். அப்படியே வயர்களையும் ஒரு பார்வை பாருங்கள். எலிக்காக ஆந்தைக்குக் கூடு கட்டும் தோட்டம் நம்முடையது, கடிபட்ட வயர் இங்கே புதிதல்ல.