லினக்ஸ் கேள்வி – பதில்: ஆக்டேவ் துணைத் தொகுப்பை டெப் ஆக்குவது எப்படி?

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் 30 கணினிகளை டெபியன் லினக்ஸ் 11இலிருந்து 12க்கு மாற்றினோம். ஆக்டேவ் என்ற கணக்கீட்டு மென்பொருளுக்குள்ளிருந்தே நிறுவிய சிக்னல் என்ற துணைத் தொகுப்பு இப்போது ஏற மறுக்கிறது. எங்கள் துறையே எழுதிய தொகுப்பு ஒன்றும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், காட்பாடி

பதில்: சிக்னலுக்குள் சி++இல் எழுதிக் கம்பைல் செய்த ஆக்ட் கோப்புகள் உண்டு. அவை எந்தப் பதிப்பில் கம்பைல் ஆயினவோ அதனோடுதான் சேரும். டெபியன் 11இல் ஆக்டேவ் 6.1, 12இல் 7.3. அதுதான் சிக்கல். ஒவ்வொரு மாணவர் கணக்கிலும் நுழைந்து பழைய சிக்னலை முதலில் நீக்குங்கள். பயனரின் சொந்தப் பிரதி இருந்தால் அதுவே முந்திக்கொள்ளும். பொதுவாக நிறுவியது கண்ணில் படாது. பிறகு டெபியனின் நிறுவும் கருவியான ஆப்ட் வழியாக 'ஆக்டேவ்-சிக்னல்' நிறுவுங்கள். அதற்குத் தேவையான 'ஆக்டேவ்-கன்ட்ரோல்' தொகுப்பும் கூடவே வந்துவிடும்.

உங்கள் துறைத் தொகுப்பையும், ஆப்ட் நிறுவக்கூடிய டெப் கோப்பாக்கிவிடுங்கள். 30 கணினிக்கும் அதுவே நிம்மதி. டெபியன் என்ற கோப்புறையில் கன்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட் ஆகிய நான்கு கோப்புகளும் வேண்டும். கம்பைல் வேலையை 'டிஹெச்-ஆக்டேவ்' என்ற கருவி பார்த்துக்கொள்ளும். அதைக் கன்ட்ரோல் கோப்பில், பில்டுக்கு (டெப் உருவாக்கத்துக்கு) தேவையானவற்றைச் சொல்லும் பில்ட்-டிபென்ட்ஸ் வரியில் சேருங்கள். உங்கள் தொகுப்பு சிக்னலை நம்பியிருந்தால் 'ஆக்டேவ்-சிக்னல்' பெயரும் அதே வரியில் இருக்கட்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பில்டின்போதே, %! என்று தொடங்கும் சோதனை வரிகள் ஓடும். சிக்னல் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். சோதனையை அணைத்துவிட்டுப் போகாதீர்கள், தவறைப் பிடித்துத் தருவது அதுதான்.

கன்ட்ரோல் கோப்பின் ஆர்க்கிடெக்சர் வரியில், ஆக்டேவ் மொழியிலேயே எழுதிய எம் கோப்புகள் மட்டும் இருந்தால் 'ஆல்', சி++ இருந்தால் 'எனி'.

ரூல்ஸ் கோப்பில் கட்டளை வரி டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். எட்டு ஸ்பேஸ் தட்டினால் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று பிழை வரும்.

டெப் கோப்பு தயாரானதும் 'டிபிகேஜி -ஐ' கொடுக்காதீர்கள், அது சார்புகளை, அதாவது தேவைப்படும் பிற தொகுப்புகளை, இழுத்து வராது. ஆப்ட் இன்ஸ்டால் என்று எழுதி, கோப்பின் பெயருக்கு முன் ./ சேருங்கள். பிறகும் ஆக்டேவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் 'பிகேஜி லோட்' கட்டளை தேவை. அடுத்த டெபியன் பதிப்புக்குப் போகும்போது சி++ உள்ள தொகுப்பை மறுபடி பில்ட் செய்தே ஆக வேண்டும்.

கேள்வி: காவலூர் வானாய்வகத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். விண்மீன் படங்களை அலச ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் தொகுப்பைப் போடப் போனேன். டெபியன் 12இல், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் மறுக்கிறது. ஏன்?
– வாசகர், ஆலங்காயம்

பதில்: கணினியின் பைத்தானை ஆப்ட் நிர்வகிப்பதால், பிப் அதில் கை வைக்க 12 முதல் தடை போட்டிருக்கிறார்கள். அந்தத் தடையை மீறச் சொல்லும் பிப் கட்டளைத் தெரிவைத் தொடவே வேண்டாம். ஆப்ட் நிறுவிய கோப்புகளோடு மோதும். 'பைத்தான்3-ஆஸ்ட்ரோபை', 'பைத்தான்3-ஃபோட்யூட்டில்ஸ்' இரண்டும் ஆப்டிலேயே கிடைக்கின்றன. அங்கே இல்லாததற்கு மட்டும், கணினியில் உள்ள தொகுப்புகளும் தெரியும்படி ஒரு வென்வ் (தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கி, அதற்குள் பிப் போடுங்கள்.