கூண்டா, தொட்டியா? வாசகர் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் தீவனக் கடை நடத்துகிறவள் என்பதால் ஆசிரியர் இந்தப் பக்கத்தை என்னிடம் கொடுத்தார். வருகிறவர்களில் பாதிப் பேரை ‘வேண்டாம், வாங்காதீர்கள்’ என்று திருப்பி அனுப்புகிறவள் நான் என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. இந்த மாதக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: தொல்லை இல்லாத பிராணி எது? அப்படி ஒன்றை இன்னும் எந்த மொத்த வியாபாரியும் எனக்கு அனுப்பவில்லை.

அக்கா, தோட்டத்தை விற்றுவிட்டதால் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். ஐந்தாவது மாடி, அதற்கு மேல் கூரைதான். எனக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், அவருக்கு லாரி. பத்து வயது மகள் ஹாம்ஸ்டர் கேட்கிறாள். ‘ஜோடியாக வாங்குங்கள், தனியாக இருந்தால் ஏங்கிப்போகும், வேலையே இருக்காது’ என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
— வாசகி, பாடாங் செராய்

முதலில் அந்த ஜோடிப் பேச்சை விடுங்கள், தங்கச்சி. கடைகளில் அதிகம் விற்கும் பொன்னிற ஹாம்ஸ்டர், சிரியன் வகை. அது தனியாக வாழப் பிறந்தது. எட்டு, பத்து வாரம் ஆனதும் கூடப்பிறந்ததையே கடித்துக் குதறும். ஆணும் பெண்ணுமாக அமைந்துவிட்டால் கடிபடுவதற்கு முன்பே குடும்பம் பெருகிவிடும். சினைக்காலம் 16 நாள்தான். ஒன்று விற்றால் ஒரு லாபம், இரண்டு விற்றால் இரண்டு லாபம். ஏக்கம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது உங்கள் கூரை. 1930-இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ பக்கத்தில் ஆழமான வளை ஒன்றைத் தோண்டி, ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் எடுத்தார். இன்று உலகம் முழுவதும் கூண்டுகளில் இருக்கும் சிரியன் ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் அந்த ஒரே ஈற்றின் வழிவந்தவை. வறண்ட நாட்டுப் பிராணி என்பதால் வெயில் தாங்கும் என்று நினைக்கிறார்கள். அங்கே அது வெயில் நேரத்தில் குளிர்ந்த மண்ணுக்குள் கிடந்து, வெயில் தணிந்த பொழுதிலேயே தலைகாட்டும். 30 டிகிரியைத் தாண்டினால் அதற்கு ஆபத்து. நம் ஊரில் மதியம் சாதாரணமாகவே 32, 33 வரும்; கடைசி மாடியில் கூரைச் சூடும் சேர்ந்துகொள்ளும். இரவு வேலை முடிந்து நீங்கள் தூங்கும் அந்த நேரத்தில் ஜன்னலோரக் கூண்டுக்குள் அது நீட்டிப் படுத்து, எச்சில் ஒழுகி, எழுப்பினாலும் தள்ளாடினால் வெப்பம் தாக்கிவிட்டது என்று பொருள். நிழலுக்கு எடுத்துச் சென்று லேசாகக் குளிர்வித்து, உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

ஆகவே வீட்டில் எந்த மூலை மதியம் மூன்று மணிக்கும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். தரைமட்டத்தில், மேற்குச் சுவரை ஒட்டாத இடமாக இருக்கட்டும். கூண்டுக்குள் ஒரு தரை ஓடு வைத்தால் அதன்மேல் படுத்துக்கொள்ளும். தண்ணீரை உறையவைத்த போத்தலைத் துணியில் சுற்றி வெளிப்பக்கமாகச் சாய்த்து வைக்கலாம். அப்படி ஒரு மூலையே இல்லை என்றால் ஹாம்ஸ்டர் வேண்டாம், மகள் எவ்வளவு அழுதாலும்.

மூலை இருந்தால், கடையில் தொங்கும் வண்ணக் கம்பிக் கூண்டில் பணத்தைப் போடாதீர்கள். துணி அடுக்கிவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி, மூடியை வெட்டிக் கம்பி வலை பொருத்துங்கள். அடியில் ஒரு சாணுக்குக் குறையாமல் மரத்தூளோ கிழித்த காகிதமோ போடுங்கள், தோண்டட்டும். வாசனை போட்ட தூளும் தேவதாரு மரத்தூளும் மூச்சுக்குக் கேடு. மெத்தென்று இருக்கிறதே என்று பஞ்சு வைக்காதீர்கள். நூல் காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும். ஓடும் சக்கரம் 20 சென்டிமீட்டருக்குக் குறையாமல், கம்பிப் படி இல்லாத முழுத்தளமாக இருக்க வேண்டும். சிறுநீர் கழிக்கும் மூலையைத் தினமும் அள்ளுங்கள். மொத்தத் தூளையும் ஒரே நாளில் மாற்றினால் தன் வாசனை போய்விட்டதே என்று அது கலங்கும். பாதி பாதியாக மாற்றுங்கள்.

அடுக்குமாடியில் நீங்கள் எதிர்பார்க்காத எதிரி எறும்பு. தானியத்தை மூடி இறுகும் மைலோ டின்னில் வையுங்கள். பெட்டியைத் தரையை ஒட்டிய தாழ்வான ஒரு சிறு மேசைமேல் ஏற்றி, மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பைத் தடுக்கப் போய் கொசு வளர்ப்பீர்கள்.

இன்னொன்று. மகள் பள்ளிவிட்டு வரும்போது அது நல்ல தூக்கத்தில் இருக்கும். எழுப்பினால் கடிக்கும். அது கண் விழிப்பது இரவு எட்டு, ஒன்பதுக்கு. அவள் படுக்கப் போகும் நேரம். விடியற்காலை நீங்கள் வேலை முடிந்து வரும்போது சக்கரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எனவே இது மகளின் பிராணி இல்லை, உங்களுடையது. அதற்குச் சம்மதமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டு. அதையும் வாங்கும் முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இரவுச் சந்தையில் 50 காசு நாணயத்தின் அளவில் வாங்கிய ஆமை இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. காதோரம் சிவப்புக் கோடு இருக்கிறது. கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்கிறார் மாமியார்.
— வாசகி, தெலுக் இந்தான்

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: புண்ணியம் இல்லை. அது சிவப்புக்காது ஆமை, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தைச் சேர்ந்தது. இங்கே குளத்திலும் பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலும் விடப்பட்டு, நம் நாட்டு ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. பெண் ஆமை 30 சென்டிமீட்டர் வரை வளரும். 20, 30 ஆண்டு வாழும். சந்தையில் விற்கிறவர் இதைச் சொன்னாரா?

வீட்டிலேயே வைத்திருக்க முடிந்தால் பெரிய தொட்டி, ஏறிக் காய ஒரு காய்ந்த மேடை, நேரடிக் காலை வெயில், ஓரத்தில் நிழல். தீவனத்தோடு கங்கோங் கீரை போடுங்கள், விரும்பித் தின்னும். முடியாவிட்டால் வேலியடைத்த குளம் உள்ள ஒருவரைத் தேடிக் கையில் ஒப்படையுங்கள். தொட்டவர்கள் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமை நலமாகத் தெரிந்தாலும் சல்மோனெல்லா கிருமி அதன் மேல் இருக்கலாம். குழந்தைகளுக்கு அதனால் நோய் வந்ததால்தான் அமெரிக்காவிலேயே 1975-இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை விதித்தார்கள். சமையல் தொட்டியில் அதைக் கழுவுகிறீர்களோ என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

தங்கச்சி, எனக்கு 71 வயது. பால் மரம் சீவியவன். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு காவல் வேலை. மனைவி போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. மகன் பெரிய மக்காவ் கிளி வாங்கித் தருகிறேன் என்கிறான். பக்கத்து லயத்துப் பையன் காட்டிலிருந்து ‘முராய் பத்து’ என்ற பாடும் பறவையைப் பிடித்துத் தருகிறேன் என்கிறான். எதை வாங்குவது?
— வாசகர், பீடோர்

இரண்டும் வேண்டாம், ஐயா. மக்காவ் 50 ஆண்டுகூட வாழும். அதை வாங்கினால் பேரன் பெயருக்கு உயில் எழுத வேண்டியிருக்கும். அது கத்தினால் லயம் முழுவதும் எழுந்துவிடும். முராய் பத்துவின் பாட்டுக்கு ஈடு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்க்க வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். காட்டில் பிடித்ததைக் கைமாற்றி வாங்கினால் அந்தப் பையனோடு நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும்.

உங்களுக்கு ஏற்றது, நம்மவர்கள் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டு வாங்கும் பட்ஜி. கூட்டமாக வாழும் பறவை, அதனால் இங்கே இரண்டு வாங்கத்தான் சொல்வேன். இரண்டும் ஆணாக இருக்கட்டும். மூக்குக்கு மேல் உள்ள சதை, வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் நீலமாக இருக்கும். முட்டை, குஞ்சு என்று தொல்லை வராது. பகல் முழுவதும் பேசிக்கொண்டே இருக்கும். நீங்கள் தினமும் ஒரே சீழ்க்கையை அடித்துவந்தால் அதையும் கற்றுக்கொள்ளலாம். ஆயுள் ஐந்து முதல் பத்து ஆண்டு.

கூண்டு உயரத்தைவிட அகலம் அதிகமாக இருக்க வேண்டும், பறவை பக்கவாட்டில்தான் பறக்கும். கடையில் தரும் வழவழப்பான குச்சிகளை எடுத்துவிட்டுக் கொய்யாக் கிளைகளைப் பெரிதும் சிறிதுமாக வெட்டிச் செருகுங்கள். ஒரே தடிமனில் நின்றால் பாதம் புண்ணாகும். தினை மட்டும் போட்டால் கொழுப்பு ஏறி ஈரல் கெடும். முருங்கை இலை, கங்கோங், துருவிய கேரட் கொடுங்கள். வெண்ணெய்ப்பழம் விஷம்.

புகைதான் எனக்குக் கவலை. பறவையின் நுரையீரல் மனிதனுடையதைவிடக் காற்றை முழுமையாக உறிஞ்சும், கெட்ட காற்றையும் அப்படித்தான். கொசுவத்திச் சுருள், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி இரண்டும் கூண்டுக்குத் தூரத்தில் இருக்கட்டும். ஒட்டாத சட்டியை அடுப்பில் மறந்து காயவிட்டால், அதிலிருந்து வரும் ஆவி அடுத்த அறையில் இருக்கும் பட்ஜியையும் சில நிமிடங்களில் கொன்றுவிடும். இந்தோனேசியப் புகைமூட்ட நாட்களில் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். இரவில் கூண்டை வீட்டுக்குள் எடுத்துத் துணியால் மூடுங்கள். செம்பனைக்குள் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. காவல் பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிறகை உப்பவைத்துக்கொண்டு கூண்டின் அடித்தரையில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நோயைக் கடைசிவரை மறைப்பது பறவையின் இயல்பு. ஒரு வேண்டுகோள்: மகனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் மக்காவ் வியாபாரத்தைக் கெடுத்தேன் என்று வேண்டாம்.

பள்ளி வாசலில் ஓட்டில் சாயம் பூசிய துறவி நண்டு விற்கிறார்கள். வாங்கலாமா?
— மாணவி, கிள்ளான்

வேண்டாம், பாப்பா. உமாங்-உமாங் என்கிற இந்தத் துறவி நண்டு கூண்டில் பெருகுவது மிக அரிது. விற்பவை அநேகமாக எல்லாம் கடற்கரையில் பொறுக்கியவை. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர், ஈரக் காற்று, புதைந்து தோல் உரிக்க ஆழமான மணல், மாறிக்கொள்ள வெற்று ஓடுகள் எல்லாம் வேண்டும். கடற்கரையில் பல பத்தாண்டு வாழக்கூடியது பிளாஸ்டிக் டப்பாவில் சில வாரத்தில் செத்துப்போகிறது.

சண்டை மீனை ஜாம் போத்தலில் வைத்தேன். செத்துவிட்டது. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தானே வளர்த்தார்கள்?
— மாணவர், கூலிம்

வளர்த்தோம், தம்பி. அப்போதும் செத்தது; மறுநாள் கால்வாயில் இன்னொன்று பிடித்தோம், அவ்வளவுதான். சண்டை மீன் மேலே வந்து காற்றை வாயால் எடுத்துச் சுவாசிக்கும், அதற்கென்று தலைக்குள் தனி உறுப்பு இருக்கிறது. எனவே போத்தலில் மூச்சு முட்டாது. ஆனால் அதன் கழிவிலிருந்து வரும் அமோனியா சின்ன நீரில் சீக்கிரம் விஷமாகும். பத்து லிட்டருக்குக் குறையாத தொட்டி, இருபது என்றால் இன்னும் நிம்மதி. குழாய் நீரைக் குளோரின் நீக்கி மருந்து விட்டே ஊற்று. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்று. தீவனம் ஒரு வேளைக்கு மூன்று, நான்கு குருணை போதும். அதன் வயிறு அதன் கண்ணளவுதான். மூடி கட்டாயம், குதிக்கும். நம் வெப்பம் அதற்குச் சரியாக இருப்பதால் சூடேற்றும் கருவி தேவையில்லை. கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) மரத்தடியில் விழுந்த காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடு. நீர் தேநீர் நிறமாகும், பயப்படாதே, அதற்குப் பிடித்தது அதுதான். ஆண் மீன் இரண்டை ஒன்றாக விடாதே. ‘எந்தப் பிராணிக்கு வேலை குறைவு’ என்று கடையில் கேட்பவர்களுக்கு நான் கைநீட்டிக் காட்டுவது இதைத்தான்.

வாசலில் தாமரைத் தொட்டி வைத்திருக்கிறேன். சுகாதார அதிகாரிகள் கொசுப் புழு கண்டால் 500 ரிங்கிட் அபராதம் என்கிறார்கள். குப்பி மீன் விட்டால் போதுமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

தொட்டிக்குப் போதும், கவனித்துக்கொண்டால். குப்பி கொசுப் புழுவை விரும்பித் தின்னும், மாதம் ஒருமுறை குட்டி போடும். ஆனால் ஏடிஸ் முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான் ஆகிறது, மீன் செத்துக்கிடப்பதை இரண்டு வாரம் கழித்துக் கவனித்தால் பயனில்லை. இலை நெருங்கி மூடிய இடத்தில் மீன் நுழையாது, அதை வெட்டிவிடுங்கள். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் மீன் விட முடியாது, கவிழ்த்து வையுங்கள். பெருகிய குஞ்சுகளை ஆற்றில் கொட்ட வேண்டாம். என்னிடம் கொண்டுவந்தால் தீவனத்துக்கு மாற்றிக்கொள்கிறேன். காலையில் வாருங்கள், மதியத்தில் பையில் இருக்கும் நீர் சுட்டுவிடும்.