14 மி.மீ. வட்டம்

கேள்வி: என் மகள் பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். புராஜெக்ட்டுக்காக வெற்றிலையை எத்தனாலில் ஊறவைத்துச் சாறெடுத்து, அகார் என்ற ஜெல்லித் தட்டில் வெட்டிய குழிகளில், குழிக்கு 5 மில்லிகிராம் வீதம் ஊற்றினாள். ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி வளர்த்த அந்தத் தட்டில், குழியைச் சுற்றிக் கிருமி வளராத 14 மி.மீ. வட்டம் வந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வில்லைக்கு 24 மி.மீ. ஆன்டி-ஆக்ஸிடன்ட் 80 சதவீதமாம். என் அம்மாவுக்குக் காலில் சர்க்கரைப் புண் இருக்கிறது. இந்தச் சாற்றைப் பூசலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பூச வேண்டாம். சர்க்கரை நோயாளிகளின் காலில் பலருக்கு உணர்ச்சி மழுங்கியிருக்கும். எரிந்தாலும் அவருக்குத் தெரியாது. புண்ணை இன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இனி மகளிடம் ஒன்று கேளுங்கள்: வெறும் எத்தனால் ஊற்றிய குழி எத்தனை மி.மீ. காட்டியது? நான் பாடம் நடத்திய காலத்தில் ஒரு மாணவி வேப்பிலைச் சாற்றில் 16 மி.மீ. வந்ததென்று துள்ளிக் குதித்து ஓடிவந்தாள். பக்கத்துக் குழியில் வெறும் எத்தனால் மட்டும் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். அதுவும் 13 காட்டியது. பாவம், அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

24க்கு 14 என்றால் பாதிக்கு மேல் என்று நினைக்கிறீர்கள். அந்த வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம் மருந்து. மகள் ஊற்றியது அதைப்போல் ஆயிரம் மடங்கு. அதற்காகச் சாறு உதவாத சரக்கு என்று சொல்ல மாட்டேன். வெற்றிலையில் யூஜெனால், ஹைட்ராக்ஸிசாவிகால் என்று நல்ல சரக்கே இருக்கிறது. ஆனால் சாறு முழுக்க அதுவே இல்லை. பச்சையமும் மெழுகும் சேர்ந்த கலவை அது. போதாக்குறைக்கு, எண்ணெய்ப் பசையுள்ள பொருள் அகாரில் சரியாகப் பரவாது. அதனால் வட்டம் சின்னதாக இருந்தால் வீரியம் குறைவு என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

இதே சாற்றை ஈ.கோலை என்ற குடல் கிருமி மீது ஊற்றினால் வட்டம் இன்னும் சுருங்கலாம். அந்த வகைக் கிருமிக்கு மேலே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு, பல பொருட்களை அது உள்ளே விடாது.

அப்புறம் அந்த 80 சதவீதம். டி.பி.பி.எச். என்ற ஊதாக் கரைசலில் சாற்றைக் கலந்து அரை மணி நேரம் இருட்டில் வைத்துவிட்டு, 517 நானோமீட்டர் ஒளியில் நிறம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்திருப்பாள். நிறம் குறையக் குறைய ஆன்டி-ஆக்ஸிடன்ட் சதவீதம் கூடும். நான் ஒருமுறை கேன்டீன் டீயை ஊற்றிப் பார்த்தேன், ஊதா போய் மஞ்சளாகிவிட்டது! டீயைப் புண்ணில் ஊற்றுவோமா? குழாயில் நடப்பது வேறு, உடம்பில் நடப்பது வேறு. குடித்த பொருள் குடலில் எவ்வளவு ஏறும், கல்லீரல் அதை என்னவாக மாற்றும் என்பதெல்லாம் அந்தக் கரைசலுக்குத் தெரியாது.

புராஜெக்ட் நல்ல புராஜெக்ட்தான். சாற்றைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், கிருமி வளராத கடைசிக் குழாய் எது என்று பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் மட்டும் விட்ட குழாயும் கூடவே இருக்கட்டும். இரண்டு நாள் வேலை. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். நானாக இருந்தால் அதைத்தான் கேட்பேன்.