ஸ்கேனில் சிறுநீரக நீர்க்கட்டி: ஆபரேஷன் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 49. முழு உடல் பரிசோதனையில் வலது சிறுநீரகத்தில் 2.4 செ.மீ. சாதாரண நீர்க்கட்டி இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. கல்லீரலில் கொழுப்பும் இருக்கிறதாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 210, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 36, ரத்த அழுத்தம் 138/88, இடுப்பளவு 98 செ.மீ., கிரியேட்டினின் 0.9. கட்டியை எடுத்துவிட வேண்டுமா? வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையுமா? புற்றுநோயாக மாறுமா?

பதில்: எடுக்க வேண்டாம், கரையாது, மாறாது. சுவர் மெல்லியதாகவும் உள்ளே தெளிந்த நீர் மட்டுமாகவும் இருந்தால்தான் அதைச் சாதாரண நீர்க்கட்டி என்று எழுதுவார்கள். ஐம்பதைத் தொடும் வயதில் இது சர்வசாதாரணம், ஆண்களுக்கு இன்னும் அதிகம். தடித்த சுவர், உள்ளே தடுப்புகள், திடமான பகுதி என்று ஏதாவது எழுதியிருந்தால்தான் சி.டி. ஸ்கேன் எடுத்து, கட்டியின் தோற்றத்தை வைத்துப் புற்றுநோய்ச் சந்தேகத்தை அளக்கும் போஸ்னியாக் முறையில் தரம் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்பா, அம்மா யாருக்காவது இரண்டு சிறுநீரகமும் கட்டிகளால் நிறைந்து வீங்கியிருந்தது என்றால் அது பரம்பரை நோய், அது வேறு கதை, அதை உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, கட்டியைப் பற்றி மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள், ஆனால் நீங்களே எழுதி அனுப்பிய மற்ற எண்களைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லையே! ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்கு மேல், ட்ரைகிளிசரைடு 150க்கு மேல், எச்.டி.எல். 40க்குக் கீழ், அழுத்தம் 130/85க்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்கு மேல்: இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே வளர்சிதை மாற்றக் கோளாறு என்கிறோம், உங்களுக்கு ஐந்துமே இருக்கிறது. சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழி இதுதான், சிறுநீரகத்தைக் கெடுப்பதும் பெரும்பாலும் இதுதான்.

கட்டிக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு. தொப்பை, உயர் ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு உள்ளவர்களிடம் இந்த நீர்க்கட்டிகள் கொஞ்சம் அதிகமாகவே காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவுதான். ஒன்றுதான் மற்றதை உண்டாக்குகிறது என்று நிரூபணமாகவில்லை, வயது ஏற ஏற இரண்டுமே கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. பெரிய கட்டி பக்கத்துத் திசுவை அழுத்தி ரத்த அழுத்தத்தை ஏற்றலாம் என்கிறார்கள். உங்களுடைய 2.4 செ.மீ. மீது அந்தப் பழியைப் போட முடியாது.

ஒரு வாரம் வீட்டிலேயே காலை, மாலை அழுத்தம் பார்த்துக் குறித்து வையுங்கள். கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பாருங்கள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற பரிசோதனையும் செய்யுங்கள், பல பரிசோதனைப் பேக்கேஜ்களில் அது இருக்காது, ஆனால் கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்பே சிறுநீரகப் பாதிப்பைக் காட்டிக் கொடுப்பது அதுதான். அப்புறம் எடை: இப்போதிருப்பதில் 5 முதல் 7 சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, கல்லீரல் கொழுப்பு மூன்றும் இறங்க ஆரம்பிக்கும். சோற்றைப் பாதியாக்கி காய், பருப்பைக் கூட்டுங்கள், சாயங்காலம் டீயோடு போகும் மிக்சரை நிறுத்துங்கள், ஊறுகாய், அப்பளத்தையும் குறையுங்கள், தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். வாழைத்தண்டு பிடித்தால் பொரியலாகச் சாப்பிடுங்கள், தப்பில்லை. இடுப்பு வலிக்கிறது என்று கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுவதுதான் தப்பு.

விலாவில் கடும் வலி, குளிர் காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.