புதிய வடிவம் வரட்டும் என்று தங்க நாணயம் வாங்காமல் காத்திருக்கலாமா?

கேட்டவரின் நிலை இதுதான். ஒரு அவுன்ஸ் தங்க நாணயம் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டுக்கான வடிவங்கள் வெளிவரச் சில வாரங்களே இருக்கின்றன. இருப்பதை வாங்குவதா, புதியதற்குப் பொறுப்பதா?

அந்த நாணயத்தை அவ்வப்போது எடுத்துப் பார்த்து மகிழப் போகிறீர்கள் என்றால் காத்திருங்கள். பெட்டியில் பூட்டி வைத்து, தேவை வரும்போது விற்பதற்குத்தான் என்றால் இன்றைக்கே வாங்கிவிடுங்கள். நான் முதல் வகை. ஆண்டு முடியும் வேளை வந்தாலே சீனத் தங்க நாணயத்தில் அடுத்த பாண்டா கரடி என்ன செய்துகொண்டிருக்கும் என்ற எண்ணம் எனக்குள் ஓட ஆரம்பித்துவிடும். மூங்கிலைக் கடிக்குமா, மரத்தில் தொங்குமா, குட்டியை அணைத்திருக்குமா?

முதலில் நீங்கள் எந்த நாணயத்தை நினைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். எல்லா நாணயத்துக்கும் காத்திருப்பதில் பொருள் இல்லை. தென்னாப்பிரிக்காவின் க்ரூகராண்ட் 1967இல் வந்தது. ஒரு பக்கம் பழைய அரசியல் தலைவர் பால் க்ரூகரின் முகம், மறுபக்கம் ஸ்பிரிங்பாக் மான். இன்றும் அதே மான்தான். ஆஸ்திரியாவின் வியன்னா பில்ஹார்மோனிக் நாணயத்தில் 1989 முதல் ஒரு பக்கம் இசையரங்கின் ஆர்கன், மறுபக்கம் இசைக்கருவிகள். நாட்டின் பணம் ஷில்லிங்கிலிருந்து யூரோவுக்கு மாறியபோது முகமதிப்பு மாறியது, படம் மாறவில்லை. இவற்றில் புதிய ஆண்டு என்றால் எண் மட்டும்தான் புதிது. அப்படி மாறாமல் இருப்பதும் ஒரு பலம். பார்த்தவுடன் இன்ன நாணயம் என்று தெரிந்துவிடுவதால் விற்கும்போது பேச்சு நீளாது.

சீனப் பாண்டா இதற்கு நேர் எதிர். 1982இல் தொடங்கியபோதிலிருந்து ஆண்டுக்கொரு படம். 2001இல் ஒரே வடிவத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்து, 2002இலும் அதே பாண்டாவை வெளியிட்டார்கள். சேகரிப்பவர்கள் விடவில்லை. எதிர்ப்பு அவ்வளவு வலுவாக எழுந்ததால் 2003இல் ஆண்டுக்கொரு வடிவம் திரும்ப வந்தது. எனக்கு மிகவும் பிடித்த நாணயக் கதை இதுதான். தங்கம் அதே தங்கம், எடை அதே எடை. ஆனாலும் அடுத்த படத்துக்காகக் காத்திருக்கும் சுகத்தை இழக்க மாட்டோம் என்று மக்கள் சொல்லி, அதை ஒரு அரசு கேட்டது. (எடை பிற்பாடு மாறியது. 2016 முதல் பாண்டா அவுன்ஸில் இல்லை, கிராமில். ஒரு அவுன்ஸ் நாணயத்தின் இடத்தில் வந்தது 30 கிராம், அதாவது 31.1 கிராம் உள்ள அவுன்ஸைவிடக் கொஞ்சம் குறைவு. பழைய பாண்டாவோடு விலையை ஒப்பிடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.)

ஆஸ்திரேலியாவின் கங்காரு நாணயம் தொடங்கும்போது அதில் கங்காருவே இல்லை. அந்நாட்டில் கிடைத்த புகழ்பெற்ற தங்கக் கட்டிகளின் படங்கள்தான் இருந்தன. 1989இல் கங்காரு வந்தது, அதுவும் ஆண்டுதோறும் மாறுகிறது.

அரிதாக நிகழும் மாற்றத்துக்குக் காத்திருப்பது வேறு அனுபவம். 2021ஆம் ஆண்டின் நடுவில் அமெரிக்காவின் தங்க நாணயமான அமெரிக்கன் ஈகிள் மாறியதை என்னால் மறக்க முடியாது. 1986இல் வெளிவந்ததிலிருந்து அதன் பூப் பக்கத்தில் ஒரு கழுகுக் குடும்பம் இருந்தது: ஆலிவ் கிளையோடு பறந்து வரும் ஆண் கழுகு, கூட்டில் பெண் கழுகும் குஞ்சுகளும். 35 ஆண்டுகள் கழித்து அதை எடுத்துவிட்டு, ஜென்னி நாரிஸ் வரைந்த கழுகின் தலையை வைத்தார்கள். படம் வெளியானபோது எனக்குப் பிடிக்கவில்லை. கூட்டைக் கலைத்துவிட்டார்களே என்று உண்மையிலேயே வருந்தினேன். சில மாதம் கழித்து நாணயம் கைக்கு வந்தது. ஜன்னலோரம் நின்று மெல்லச் சாய்த்தேன். கண்ணைச் சுற்றியிருந்த சின்ன இறகுகள் ஒவ்வொன்றாக ஒளியை வாங்கிக்கொண்டன. அந்தப் பார்வையின் கூர்மை திரையில் தெரியவே இல்லை. இப்போது என்னிடம் 2021ஆம் ஆண்டு எண் போட்ட ஈகிள் இரண்டு இருக்கின்றன, ஒன்று கூட்டோடு, ஒன்று தலையோடு. அந்த ஆண்டில் இரண்டு வடிவமும் அச்சானது.

அதனால்தான் சொல்கிறேன், வெளியீட்டுப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் திரையில் பார்ப்பது பெரும்பாலும் கணினியில் வரைந்த உருவம், அல்லது புரூஃப் நாணயத்தின் படம். புரூஃப் என்பது மெருகேற்றிய அச்சில் பலமுறை அடித்து எடுப்பது. உருவம் இல்லாத வெற்றுப் பகுதி கண்ணாடிபோல் இருக்கும், உருவம் பனி படர்ந்ததுபோல் நிற்கும். முதலீட்டு நாணயம் அப்படி இல்லை. வேகமாக, பெரும் எண்ணிக்கையில் அடிக்கிறார்கள். புடைப்பு தாழ்வாகவே இருக்கும். தவிர, உள்ளங்கை அகலத்தில் திரையில் விரியும் படம், கையில், ஈகிள் என்றால், 32.7 மில்லிமீட்டர் வட்டமாகத்தான் வரும். நெருக்கமாக நிறைய விவரம் திணித்த வடிவங்கள் அந்த அளவில் கலங்கிப்போகும். எளிமையாக, ஒரே உருவத்தைப் பெரிதாகக் காட்டும் வடிவம் தப்பிக்கும். நிறமும் படத்தில் பிடிபடாது. க்ரூகராண்டில் தங்கத்தோடு செம்பு மட்டும் கலந்திருப்பதால் செம்மை தூக்கலாக இருக்கும். ஈகிளும் 22 காரட்தான், ஆனால் செம்போடு கொஞ்சம் வெள்ளியும் உண்டு. கனடாவின் மேப்பிள் இலை, பிரிட்டனின் இன்றைய பிரிட்டானியா போன்ற 24 காரட் நாணயங்கள் நல்ல மஞ்சள். ஆனால் மென்மையானவை, சீக்கிரம் கீறல் விழும்.

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கத்தின் சந்தை விலைக்கு மேல் நீங்கள் தருவது, நகைக்குச் செய்கூலி தருவது மாதிரி. புதிய வடிவம் வந்த முதல் நாட்களில் ஆர்வம் அதிகம், அந்தக் கூடுதல் தொகையும் அதிகம். நான் ஒருமுறை படத்தை மட்டும் பார்த்து முன்பதிவு செய்தேன். இரண்டு மாதத்தில் அதே விற்பனையாளரிடம் அதே நாணயம் குறைந்த கூடுதல் தொகைக்குக் கிடைத்தது. விற்கப் போனாலோ, பெரும்பாலும் உள்ளே இருக்கும் தங்கத்துக்குத்தான் மதிப்பு. எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாமல் அச்சாகும் நாணயத்தில் “முதல் நாள் வெளியீடு” என்பதற்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு காரணத்துக்காக, பூட்டி வைக்க வாங்குபவரையும் புதிய வடிவத்தைப் பாருங்கள் என்று சொல்வேன்: போலிக்கு எதிரான பாதுகாப்பு. 2021இலிருந்து பிரிட்டானியாவைச் சாய்த்தால் ஒரு சின்னப் பூட்டு திரிசூலமாக மாறும், பின்னணியில் அலைகள் நகர்வதுபோல் தெரியும். மேப்பிள் நாணயத்தில் லேசரால் பொறித்த குட்டி இலை ஒன்று உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதற்குள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் தெரியும். புதிய ஈகிளின் விளிம்பு வரிகளில் ஓரிடத்தில் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருக்கிறார்கள். இந்த வேலைப்பாடு அழகுக்காக மட்டும் இல்லை, நாளை உங்களிடம் வாங்குபவரின் சந்தேகத்தையும் குறைக்கும்.

அரசர் மாறினால் தலைப் பக்கமும் மாறும். பிரிட்டன் அரசி எலிசபெத் மறைந்த பின் 2023இல் பிரிட்டானியாவில் மார்ட்டின் ஜென்னிங்ஸ் வடித்த மூன்றாம் சார்லஸ் வந்தார். அவர் வலம் பார்த்தார், இவர் இடம் பார்க்கிறார். ஒருவர் பார்த்த திசைக்கு எதிர்த்திசையில் அடுத்தவர் பார்ப்பது 17ஆம் நூற்றாண்டு முதல் அங்கே இருந்துவரும் வழக்கம். அவ்வளவு பெரிய மாற்றத்துக்கு ஒரு நாணயமாவது எடுத்து வைக்கலாம் என்பது என் எண்ணம்.

க்ரூகராண்டோ பில்ஹார்மோனிக்கோ என்றால் காத்திருக்காதீர்கள். பாண்டா என்றால் அந்தச் சில வாரம் பொறுங்கள். படம் வெளியானதும் அவசரப்படாமல், நாணயம் கைக்கு வந்தவர்கள் வெயிலில் சாய்த்து எடுத்த புகைப்படங்கள் வரும்வரை இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.