ஆமைக்கு மருந்து: உண்டியலுக்கு முன்னால் ஒரு பட்டியல்

அடிபட்டுக் கரை ஒதுங்கும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) எனும் கடலாமைகளின் சிகிச்சைக்கு ஊர்ப்பணம் திரட்டுவது பற்றி வாசகர்கள் கேட்டவை இவை. கடலாமைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரும், அறக்கட்டளைக் கணக்குகளைக் கவனிப்பவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: திருவிழாவில் உண்டியல் வைத்து ஆமைகளுக்கு மருந்து வாங்கித் தரலாம் என்று எங்கள் இளைஞர் மன்றத்தில் பேசியிருக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?
- கடலூர் வாசகர்

பதில்: மருந்து யார் கைக்குப் போகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம் கரைக்கு வரும் கடலாமைகள் அத்தனையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும், மன்றக் கட்டடத்துக்குப் பின்னால் தொட்டி கட்டி ஆமையை வைத்துக்கொள்ள முடியாது. வனத்துறையின் அனுமதியுள்ள இடத்தில்தான் சிகிச்சை நடக்க வேண்டும். ஆகவே உங்கள் பகுதி வனச்சரகரைப் பாருங்கள். அங்கே வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்று கேட்டு வாங்குங்கள். பொருளின் பெயர், அளவு, மாதத் தேவை, இப்போதைய கையிருப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். கையிருப்பைக் கேட்காமல் வசூலில் இறங்கினால் அயோடின் பாட்டில் அட்டைப்பெட்டி கணக்கில் குவியும், சலைன் மூன்றாம் நாளே தீர்ந்துபோகும்.

கேள்வி: ஓர் ஆமைக்கு மாதம் எவ்வளவு பொருள் செலவாகும்? எதை வைத்து இலக்கு நிர்ணயிப்பது?
- நாகப்பட்டினம் வாசகி

பதில்: முழு வளர்ச்சியடைந்த பங்குனி ஆமை ஏறக்குறைய 40 கிலோ இருக்கும். படகு விசிறி பட்டு, ஓட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை கழுவ 500 மில்லி சலைன் மூன்று பாட்டில் வேண்டும். முதல் பத்து நாள் தினமும், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் மாதம் 60 பாட்டில் ஆகிறது. சும்மா ஊற்றினால் மணல் போகாது. 20 மில்லி சிரிஞ்சில் 18 நம்பர் ஊசி மாட்டிப் பீய்ச்ச வேண்டும். பட்டியலில் சிரிஞ்சும் பெட்டிக் கணக்கில் இருப்பது அதனால்தான். போவிடோன் அயோடினோ மிகக் குறைவாகத்தான் செலவாகும். 10 சதவீதக் கரைசலில் 10 மில்லியை ஒரு லிட்டர் சலைனில் கலந்தால் வெளிர் தேநீர் நிறம் வரும், அது போதும். அரை லிட்டர் பாட்டில் ஒன்று மாதம் முழுக்கத் தாங்கும். சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு, காஸ் துணி, கையுறை ஆகியவையும் வேண்டும். ஆமையைப் பிடிக்க இருவர், காயம் பார்க்க ஒருவர் என்று மூன்று பேர் கையுறை போடுவதால் நூறு எண்ணிக்கைப் பெட்டி வேகமாகக் காலியாகும். ஆமையிடமிருந்து சால்மோனெல்லா தொற்றலாம் என்பதால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நுண்ணுயிர்க்கொல்லிக் கணக்கில்தான் பலரும் தவறுகிறார்கள். மனிதனுக்குப் போல ஒரு நாளைக்கு மூன்று ஊசி என்று நினைத்து மூன்று வாரத்துக்கு 63 குப்பி கணக்குப் போடுகிறார்கள். ஆமையின் உடலிலிருந்து மருந்து மெதுவாகத்தான் வெளியேறும். செஃப்டாசிடிம் என்றால் வழக்கமான அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை. 40 கிலோவுக்கு ஒரு தடவை 800 மில்லிகிராம் வருவதால் ஒரு கிராம் குப்பி ஒன்று போதும். மூன்று வாரத்துக்கு ஏழு குப்பி. எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், சீட்டில்லாமல் கடையில் கொடுக்கவும் மாட்டார்கள். இந்தக் கணக்கு உங்கள் இலக்கை நிர்ணயிக்க மட்டும்.

உண்மையில் பணத்தைத் தின்பது மருந்தல்ல, இரையும் தண்ணீரும்தான். உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் தினசரி இரை என்றால் மத்தியும் கணவாயுமாக 400 முதல் 800 கிராம், மாதம் 12 முதல் 24 கிலோ. ஐஸில் வைத்த மத்தியையே தொடர்ந்து கொடுத்தால் வைட்டமின் பி1 குறைந்துபோகும். அந்த மாத்திரையையும் பட்டியலில் சேருங்கள். எட்டடி விட்டமும் மூன்றடி ஆழமுமான தொட்டியில் சுமார் 4,200 லிட்டர் நிற்கும். கடல்நீரை இறைக்க வசதியில்லாத இடத்தில் லிட்டருக்கு 30 கிராம் வீதம் உப்பு கரைக்க வேண்டும். ஒரு நிரப்புக்கு 126 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை இரண்டரை. அயோடின் சேர்க்காத சுத்தமான கல்லுப்பு போதும். ஆமை காற்றைச் சுவாசிக்கிற பிராணி, மீன் தொட்டிக்கு வாங்கும் விலையுயர்ந்த உப்பு தேவையில்லை. வாரம் இருமுறை தண்ணீர் மாற்றினால் மாதம் ஒரு டன் உப்பு கரைந்துவிடும். மணல் வடிகட்டி ஒன்றுக்கு முதலில் வசூல் செய்வதே புத்திசாலித்தனம்.

விலைப்புள்ளி வாங்கும்போது மொத்த வியாபாரிகள் மூன்று பேரிடமாவது வாங்குங்கள். சலைனுக்கும் சிரிஞ்சுக்கும் அச்சிட்ட விலையும் மொத்த விலையும் மலைக்கும் மடுவுக்கும்.

கேள்வி: மருந்துக்கடைக்காரர் ஒருவர் மிச்ச மருந்துகளைத் தருகிறேன் என்கிறார். மாட்டு மருந்துகளும் இருக்கின்றன. வாங்கலாமா?
- தூத்துக்குடி வாசகர்

பதில்: பட்டியலில் இல்லாத எதையும் வாங்காதீர்கள். குடற்புழுவுக்கு மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம். அது அதே அலமாரியில் இருப்பதே ஆபத்து. நுரைத்து வரும் ஹைட்ரஜன் பெராக்சைடு புதிதாக வளரும் திசுவையும் சேர்த்து அரித்துவிடும். காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு மீதம் இருக்கட்டும். மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் அதுதான். ஆமை ஓட்டின் வெட்டை ஒட்ட எம்-சீல் பசை தருகிறேன் என்று யாராவது கட்டாயம் வருவார்கள். ஓடு உயிருள்ள எலும்பு, அதற்கு நேர் கீழே நுரையீரல். அழுக்கை உள்ளே வைத்து மூடினால் மேலே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே சீழ் கோத்துக்கொள்ளும்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பலாமா?
- வேதாரண்யம் வாசகர்

பதில்: அனுப்புபவரின் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாகவே இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. பாஸ்போர்ட் நகலை மட்டும் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் என்றால், ஓசிஐ எனும் வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருந்தாலும், 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. புதிதாகத் தொடங்கிய மன்றத்துக்கு அந்தப் பதிவு கிடைக்காது. மூன்றாண்டு செயல்பட்டிருக்க வேண்டும், செலவுக் கணக்கும் காட்ட வேண்டும். அண்ணன் கணக்குக்கு அனுப்பி, அவர் மூலம் மன்றத்துக்குத் தருவது போன்ற சுற்றுவழிகள் மன்றத்தையே வம்பில் மாட்டிவிடும்.

கேள்வி: வசூலில் எங்கே சிக்கல் வரும்?
- புதுச்சேரி வாசகி

பதில்: பெரும்பாலும் ஒரு புகைப்படத்தில். துடுப்பு அறுபட்ட ஆமையின் படத்தைப் போட்டு, ‘இதைக் காப்பாற்றுங்கள்’ என்று கேட்டால் இரண்டே நாளில் பணம் சேர்ந்துவிடும். நாலாம் நாள் அந்த ஆமை செத்துப்போனால், கொடுத்தவர்கள் ‘எங்கள் பணம் எங்கே?’ என்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. துண்டுப்பிரசுரத்திலும் ரசீதிலும் ‘கடலாமை மருந்து நிதி’ என்றே அச்சிடுங்கள். மீதம் வந்தால் என்ன செய்வோம் என்பதும் அதில் ஒரு வரியாக இருக்கட்டும். படம் போடுவதானால் குணமாகிப் போன ஆமையின் படத்தை, வனத்துறையிடம் கேட்டுப் போடுங்கள்.

இரண்டாவது, செயலாளரின் சொந்த ஜி-பே எண். அவர் வீட்டுச் செலவும் ஆமைக் கணக்கும் ஒரே பக்கத்தில் வந்தால் யாராலும் பிரிக்க முடியாது. சங்கமாகப் பதிய குறைந்தது ஏழு பேர் வேண்டும். பதிந்து, சங்கப் பெயரில் இருவர் கையெழுத்துள்ள கணக்கு தொடங்கி, அதற்கு கியூஆர் வாங்குங்கள். உண்டியலை மூன்று பேர் முன்னிலையில் திறந்து, தொகையை அங்கேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிச்சலுகை அதற்கான பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் உண்டு. அப்போதும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது.

கேள்வி: கரையில் ஆமையைப் பார்த்தால் மருத்துவர் வரும்வரை என்ன செய்யலாம்?
- ராமேஸ்வரம் வாசகர்

பதில்: வனத்துறைக்குச் சொல்லிவிட்டு அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கடலுக்குள் தள்ளிவிடாதீர்கள், சோர்ந்த ஆமை மூழ்கிச் செத்துவிடும். வலையில் மாட்டி மூச்சடைத்துக் கிடப்பது செத்தது போலவே தெரியும். வயிறு தரையில் படும்படி வைத்து, பின்பகுதியை அரை அடி உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போர்த்துங்கள். மூக்குத் துளை மூடக் கூடாது. தெளிய சில மணி நேரமாகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். வாயிலோ ஆசனவாயிலோ தூண்டில் நரம்பு தொங்கினால் இழுக்காதீர்கள், குடல் சுருங்கிக் கிழிந்துவிடும். இரண்டடி விட்டு நறுக்குங்கள். கொண்டுபோகச் சொன்னால் குட்டியானை வண்டியில் பழைய மெத்தை போட்டு ஏற்றுங்கள், துடுப்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். வண்டி வாடகையையும் நிதிப் பட்டியலில் சேருங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான்.

கேள்வி: 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவே. மருந்துக்குச் செய்யும் செலவை வலைக்குச் செய்யக் கூடாதா?
- சென்னை வாசகர்

பதில்: செய்யலாம், எண்ணிக்கையில் அதுதான் அதிக ஆமைகளைக் காப்பாற்றும். இழுவலையில் மூழ்கிச் செத்த ஆமைக்கு எந்த மருந்தும் பயன்படாது. இழுவலையின் கழுத்தில் கம்பிச் சட்டம் பொருத்தினால் இறால் உள்ளே போகும், ஆமை மேல்வழியாக வெளியேறும். படகுக்காரர்கள் தயங்குவது மீனும் சேர்ந்து தப்பிவிடும் என்று. ஆகவே கம்பிச் சட்டத்தை வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒரு பருவம் முழுக்க அதைப் பொருத்தி ஓட்டிப் பார்க்க ஒரு படகுக்காரரைச் சம்மதிக்க வையுங்கள். மருந்து நிதியோடு இதைக் கலக்காமல் தனிக் கணக்கு வையுங்கள்.

கேள்வி: காலாவதியான மருந்தையும் ஊசிகளையும் என்ன செய்வது?
- காரைக்கால் வாசகி

பதில்: குப்பைத்தொட்டியிலும் கடற்கரையிலும் வேண்டாம். மருந்து மஞ்சள் பையில், ஊசி குத்த முடியாத வெள்ளை டப்பாவில். இரண்டையும் சிகிச்சை மையத்தின் மருத்துவக் கழிவு வண்டியிலேயே ஏற்றிவிடுங்கள். எதை, எத்தனை ஏற்றினோம் என்பதை இருப்புப் பதிவேட்டில் கழித்து எழுதுங்கள்.